டூம்: முப்பது ஆண்டு கடந்தும் தீராத பயம்

கையில் ஒரு கைத்துப்பாக்கி, ஐம்பது தோட்டாக்கள். எதிரே சாம்பல் நிறக் கூடம். ஓரத்தில் மினுங்கும் கணினிப் பலகைகள். அடித்தொண்டையில் உறுமும் இசை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கதவு மேல்நோக்கி ஏறித் திறக்கிறது. அந்தப் பக்கம் பச்சை நச்சுக் குட்டை, அதன்மேல் வளைந்து வளைந்து செல்லும் பாதை. காலெடுத்து வைத்ததும் தூரத்து மேடையிலிருந்து பழுப்பு உருவம் ஒன்று தீப்பந்தை வீசுகிறது. பந்து கண்ணுக்குத் தெரியும் வேகத்தில்தான் வருகிறது. விலகத் தெரிந்தவர் பிழைக்கிறார். திகைத்து நின்றவரின் உயிர் எண் திரையின் அடியில் குறைகிறது. பின்னால் எங்கோ இன்னொரு உறுமல். அது எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் அடுத்த கதவு வந்துவிடுகிறது.

1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த ‘டூம்’ கம்ப்யூட்டர் கேமின் முதல் லெவல் இது. கேமை உருவாக்கியவர்கள் இந்த லெவலுக்கு வைத்த இலக்கு நேரம் 30 விநாடி. அந்த 30 விநாடி இடத்தை உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கிறது. டூம் வரிசையில் புதியதான ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ 2025 மே மாதம் வந்தது. அதற்குப் பிறகும் 320க்கு 200 புள்ளிகளும் 256 நிறங்களும் கொண்ட பழைய டூமுக்கு ரசிகர்கள் புதுப்புது லெவல்கள் கட்டுகிறார்கள், அதன் நிரலைப் புதுக் கருவிகளில் ஏற்றுகிறார்கள், செயற்கை நுண்ணறிவுக்கு அதைப் பாடமாக வைக்கிறார்கள். ஒரு தொழில்நுட்பப் பொருளுக்கு இத்தனை நீண்ட ஆயுள் அபூர்வம். அந்த ஆயுளுக்குக் காரணம் இரண்டு: பயத்தைச் செய்த விதம், செய்ததைப் பிறர் கையில் கொடுத்த விதம்.

டேவ் வந்த வழியில்

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கணினி அறையில் உட்கார்ந்த தலைமுறைக்கு ‘டேவ்’ தெரியும். சிவப்புத் தொப்பிக்காரன், வைரம் பொறுக்கி, கோப்பையை எடுத்து, கதவுக்கு ஓடுபவன். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லாத் திரையிலும் அவன்தான். ‘டேஞ்சரஸ் டேவ்’ என்ற அந்தக் கேமை எழுதியவர் ஜான் ரொமெரோ. டூமை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. அந்த வகையில், டூம் என்ற பெயரைக் கேட்காத மேட்டூர், ஓமலூர், சங்ககிரி மாணவர்கூட டூம் எழுதியவரின் கைவேலையைத் தொட்டவர்தான்.

இந்தத் தொடர்பு தற்செயலோடு நிற்கவில்லை. 1990இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ‘சாஃப்ட்டிஸ்க்’ என்ற நிறுவனத்தில் ரொமெரோவும் ஜான் கார்மேக்கும் டாம் ஹாலும் வேலை பார்த்தார்கள். நின்டெண்டோ பெட்டியில் மரியோ ஓடும்போது பின்னணி வழுக்கிக்கொண்டு நகரும். சாதாரண பி.சி.யில் அது நடக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கார்மேக் அதற்கு வழி கண்டார். ஹாலும் அவரும் ஒரே இரவில் மரியோ கேமின் முதல் லெவலைப் பி.சி.யில் நகலெடுத்து, மரியோ இருக்க வேண்டிய இடத்தில் டேவை ஓடவிட்டார்கள். மறுநாள் அதைப் பார்த்த ரொமெரோ, இனி இந்த வேலையில் இருக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். 1991 பிப்ரவரியில் ‘இட் சாஃப்ட்வேர்’ பிறந்தது.

1992 மே மாதம் அவர்கள் வெளியிட்ட ‘வுல்ஃபென்ஸ்டீன் 3டி’, ஆடுபவரின் கண்ணே கதாநாயகனின் கண் என்ற முறையை மக்களிடம் கொண்டுபோனது. அதில் எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லா மூலையும் செங்கோணம், எங்கும் ஒரே வெளிச்சம். அடுத்த கேமில் இந்த மூன்றையும் உடைத்தார்கள்.

கதையைப் பொறுத்தவரை விரைவாகச் சொல்லிவிடலாம். செவ்வாய்க் கிரகத்தின் நிலவுகளான ஃபோபாஸ், டெய்மாஸ் இரண்டிலும் ஒரு பெருநிறுவனம் பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் வாசல்களைச் சோதிக்கிறது. வாசல் நரகத்தில் திறந்துகொள்கிறது. அரக்கர்கள் வருகிறார்கள், காவலர்கள் நடைப்பிணமாகிறார்கள். பெயரில்லாத ஒரே ஒரு போர்வீரன் மிஞ்சுகிறான்.

---
பெட்டிச் செய்தி: பிறப்புக் குறிப்பு

வெளியீடு: 1993 டிசம்பர் 10, இட் சாஃப்ட்வேர், மெஸ்கீட், டெக்சாஸ்.
நிரல்: ஜான் கார்மேக், ஜான் ரொமெரோ, டேவ் டெய்லர். ஓவியம்: ஏட்ரியன் கார்மேக், கெவின் கிளவுட். லெவல்கள்: ரொமெரோ, சாண்டி பீட்டர்சன், டாம் ஹால். இசை: பாபி பிரின்ஸ்.
தேவை: 386 வகைச் சில்லு, 4 எம்பி நினைவகம்.
படவேகம்: அதிகபட்சம் நொடிக்கு 35.
லெவல்கள்: மூன்று பாகங்களில் 27. முதல் 9 இலவசம்.
அங்கீகாரம்: 2015இல் உலக வீடியோ கேம் புகழரங்கத்தின் முதல் தேர்விலேயே டெட்ரிஸ், பேக்மேன், பாங் ஆகியவற்றோடு இடம்.
---

இருட்டுக்கு ஒரு கணக்கு

பேய்ப்படம் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். டூமில் அது முடியாது. கதவைத் திறப்பதும் மூலையைத் திரும்புவதும் ஆடுபவரின் விரல். பயத்தை நோக்கி அவரே நடக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை டூமை உருவாக்கியவர்கள் முழுதாகப் புரிந்துகொண்டு, அதைச் சுற்றியே எல்லாவற்றையும் கட்டினார்கள்.

முதலில் ஒலி. டூமில் ஓர் அரக்கன் பெரும்பாலும் பார்வைக்கு வருவதற்கு முன் காதுக்கு வந்துவிடுகிறான். ஒவ்வொரு வகைக்கும் தனிக் குரல் உண்டு. இடது காதில் கேட்டால் இடப்பக்கம், மெல்லக் கேட்டால் தூரம். பத்து நிமிடம் ஆடியவருக்கு எந்த உறுமலுக்கு ஓட வேண்டும், எதற்கு நிற்கலாம் என்று தெரிந்துவிடும். அதைவிட நுட்பம் மறுபக்கத்தில் இருக்கிறது. ஆடுபவர் சுட்டால் அந்தச் சத்தம் திறந்த கதவுகளின் வழியே அறை அறையாகப் பரவுகிறது. அது எட்டிய இடத்தில் இருக்கும் அரக்கர்கள் விழித்துக்கொள்கிறார்கள். தன்னைக் காக்கும் துப்பாக்கியே ஆபத்தை அழைத்துவருகிறது.

அடுத்தது வெளிச்சம். ஒவ்வோர் அறைக்கும் தனி வெளிச்ச அளவு. தூரம் கூடக்கூட இருட்டும் கூடும். சில அறைகளில் விளக்கு துடித்துத் துடித்து எரியும். சாவியைக் கையில் எடுத்த கணத்தில் விளக்கு அணைந்து, வெறும் சுவர் என்று நினைத்தது கீழே இறங்கி, உள்ளே பதுங்கியிருந்தவை வெளியே வரும் இடங்கள் பல. பரிசும் தண்டனையும் ஒரே பொருளில் இருப்பதால் ஆடுபவர் எந்தப் பரிசையும் நம்புவதில்லை. ஆனாலும் எடுக்காமல் போக முடிவதில்லை.

இத்தனை பயத்துக்கும் நடுவே டூம் ஆடுபவரைக் கோழையாக்குவதில்லை என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. அந்த வீரன் அதிவேகமாக ஓடுகிறான். குண்டு நிரப்ப நிற்பதில்லை. மறைந்து நின்றால் காயம் தானாக ஆறாது. மருந்துப் பெட்டியைத் தேடி முன்னே போயாக வேண்டும். ஓர் அரக்கன் வீசிய தீ இன்னொருவன் மேல் பட்டால் இருவரும் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். இதைக் கண்டுபிடித்தவர் தோட்டா இல்லாமலே ஒரு கூட்டத்தைக் கடந்துவிடலாம். பயம், பிறகு திட்டம், பிறகு வேகம் என்று மனம் மாறும் அந்தச் சுழற்சி ஒவ்வொரு அறையிலும் நடக்கிறது. பின்னால் வந்த பல கேம்கள் படத்தை மெருகேற்றின. இந்தச் சுழற்சியை இவ்வளவு சுத்தமாகச் செய்தவை மிகச் சில.

இவை எல்லாவற்றையும் அன்றைய எளிய கணினியில் ஓட வைத்தது ஒரு கணித உத்தி. 1980இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த முறை அது. வரைபடத்தை முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டுக்கு முன்னால் எது என்பதைக் கிளை கிளையாக எழுதிவைத்துவிடுவது. கேம் ஓடும்போது நிற்கும் இடத்திலிருந்து எந்தச் சுவர் முதலில் தெரியும் என்று புதிதாகத் தேட வேண்டாம். வரிசை கையில் தயாராக இருக்கிறது. கார்மேக் அதைக் கேமுக்குக் கொண்டுவந்தார். படிக்கட்டும் சாய்ந்த சுவரும் உயர்ந்த கூரையும் இதனால் வந்தன. ஒரு குறை இருந்தது. ஓர் அறைக்கு நேர் மேலே இன்னோர் அறை வைக்க முடியாது. லெவல் கட்டியவர்கள் அந்தக் குறையை மறைத்த சாமர்த்தியத்தை இன்றும் மாணவர்கள் பாடமாகப் படிக்கலாம்.

அரக்கர்களின் உருவமும் கைவேலைதான். சிலவற்றைக் களிமண்ணில் பிடித்து, எட்டுத் திசையிலிருந்து படமெடுத்து, பிறகு புள்ளி புள்ளியாகத் திருத்தினார்கள். துப்பாக்கிகளில் சில பொம்மைக் கடையில் வாங்கியவை. கணினியே முழு உருவத்தையும் வரையும் காலம் வருவதற்கு முன் செய்யப்பட்டதால் அவற்றில் ஒரு முரட்டு உயிர் இருக்கிறது. காலத்தால் பழசாகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அணையும் முனியப்பனும்

முதல் பாகத்தின் லெவல் பெயர்களைத் தமிழில் சொன்னால் அணுமின் நிலையம், நச்சுச் சுத்திகரிப்பு ஆலை, கட்டுப்பாட்டு மையம், ஆய்வுக்கூடம், கணினி நிலையம் என்று வரும். கோட்டை, காடு, பாழடைந்த பங்களா எதுவும் இல்லை. ஷிப்டு நடக்க வேண்டிய தொழிற்சாலைகள்; ஷிப்டுக்கு வந்தவர்கள்தான் இல்லை.

மேட்டூர் வாசகருக்கு இந்த இடங்கள் அந்நியமாகத் தெரியாது. 1934இல் அணை திறந்த நாளிலிருந்து இந்த ஊர் எந்திரங்களோடு வாழ்கிறது. அணைமின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் நீரில் ஓடுகின்றன. அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு அலகுகள் சேர்ந்து 840 மெகாவாட், புதிய அலகு 600 மெகாவாட். அலுமினியம், ரசாயன ஆலைகள் 1960களிலேயே வந்துவிட்டன. இரவு ஷிப்டில் ஆளரவமற்ற கன்வேயர் பாதையோரம் நடந்தவர், குழாய் இரைச்சலுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டு நின்றவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். டூம் கையாளும் பயம் அந்தப் பயம்தான். மனிதன் கட்டிய இடத்தில் மனிதனைக் காணோம்.

அறிவியலையும் அமானுஷ்யத்தையும் ஒரே கதையில் சேர்த்ததும் மேற்கில் பலருக்குப் புதுமையாகத் தெரிந்தது. தமிழ் வாசகருக்கு அந்தச் சேர்க்கை பழக்கமானது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் ஒரு அங்குலம் பிசகாமல் நீர்மட்டம் அளக்கும் அதே அணையின் அடியில் அணை முனியப்பன் காவலுக்கு இருக்கிறார்; மக்கள் இரண்டையும் நம்புகிறார்கள். எழுத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. தொழிலால் பொறியாளரான சுஜாதா, ‘கொலையுதிர் காலம்’ நாவலில் ஆவியா அறிவியலா என்ற இரண்டு விளக்கங்களையும் கணேஷ், வசந்த் வழியாக எதிரெதிரே நிறுத்தினார். அதைத் தொடராகப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, மின்கதவுக்குப் பின்னால் அரக்கன் நிற்பதை ஏற்க விளக்கம் தேவைப்படவில்லை.

கொடுத்ததால் வாழ்ந்தது

டூம் கடையில் அறிமுகமாகவில்லை. முதல் பாகத்தின் ஒன்பது லெவல்களையும் இலவசமாக விட்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணினியில் அது ஏற்றப்பட்ட நாளில் காத்திருந்தவர்களின் நெரிசலே அந்தக் கணினியை முடக்கியது. யார் வேண்டுமானாலும் பிளாப்பியில் நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம். மீதி இரண்டு பாகம் வேண்டுமென்றால் 40 டாலர் அனுப்ப வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் 1 கோடி முதல் 2 கோடி பேர் வரை ஆடியிருப்பார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. நான்கு பேர் வரை நெட்வொர்க்கில் சேர்ந்து மோதும் வசதியும் இருந்ததால் அலுவலகங்கள் திணறின. இன்டெல் போன்ற நிறுவனங்கள் வேலை இடத்தில் டூமுக்குத் தடை போட்டன.

அதைவிடப் பெரிய கொடை கேமின் அமைப்பிலேயே இருந்தது. கேமை ஓட்டும் நிரல் ஒரு கோப்பு. லெவல், படம், ஒலி எல்லாம் ‘வாட்’ என்ற தனிக் கோப்பு. ஜலகண்டாபுரத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுபவர் இதை உடனே புரிந்துகொள்வார்: தறி அதேதான், நூலையும் டிசைனையும் மாற்றினால் வேறு சேலை இறங்கும். வுல்ஃபென்ஸ்டீனை ரசிகர்கள் பிரித்து மாற்றியதைப் பார்த்த கார்மேக், இந்த முறை அதற்கு வசதியாகவே டூமை அமைத்தார். வெளியான சில மாதங்களிலேயே ரசிகர்கள் லெவல் கட்டும் கருவிகளை எழுதிவிட்டார்கள்.

1997 டிசம்பர் 23 அன்று டூமின் மூல நிரலையே இட் சாஃப்ட்வேர் பொதுவில் வைத்தது. 1999இல் அது கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் வந்தது. பழைய டாஸ் கணினிகள் மறைந்தபோது அவற்றோடு ஆயிரக்கணக்கான கேம்கள் மறைந்தன. டூமை ஆர்வலர்கள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் கைபேசிக்கும் தாங்களே மாற்றி எழுதிக்கொண்டார்கள். இன்றுவரை அது உயிரோடிருக்க அடிப்படைக் காரணம் இந்த ஒரு முடிவுதான்.

ரசிகர் உலகம் இதைக் கைவிடவில்லை. 2004 முதல் ஆண்டுதோறும் சிறந்த ரசிகர் லெவல்களுக்கு விருது அறிவிக்கப்படுகிறது. 2023இல் வந்த ‘மைஹவுஸ்’ என்ற லெவல் சாதாரண வீடு ஒன்றில் தொடங்கி, ஆடுபவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டையே மெல்ல மெல்ல மாற்றிவிடும். முப்பது ஆண்டுப் பழைய கேமின் வழித்தோன்றலில் அவ்வளவு புதிய திகிலைச் செய்ய முடிந்ததைப் பார்த்துக் கேம் உலகமே அதைப் பற்றிப் பேசியது. ரொமெரோவும் திரும்பி வந்தார்: 2019இல் ‘சிகில்’, 2023இல் டூமின் முப்பதாவது பிறந்தநாளன்று ‘சிகில் 2’ என்று பழைய டூமுக்கே புதிய பாகங்கள் கட்டிக் கொடுத்தார்.

---
பெட்டிச் செய்தி: டூம் ஓடிய இடங்கள்

பிரிண்டர்: 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கேனான் பிரிண்டரின் சிறு திரையில் டூமை ஓட்டி, வெளியிலிருந்து அதற்குள் நுழைய முடியும் என்று நிரூபித்தார்.
டிராக்டர்: 2022இல் ஜான் டியர் டிராக்டரின் கட்டுப்பாட்டுத் திரையில் ஓடியது.
செயற்கைக்கோள்: ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆப்ஸ்-சாட்டில் ஓடியது. 2024 மே மாதம் அந்தச் செயற்கைக்கோள் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.
பாக்டீரியா: அமெரிக்காவின் எம்ஐடியில் ஒளிரும் ஈ.கோலி செல்களைத் திரைப் புள்ளிகளாக வைத்துக் கணினி மாதிரி செய்து பார்த்தார்கள். ஒரு காட்சி தோன்ற 70 நிமிடம், மறைய 8 மணி 20 நிமிடம். முழுக் கேமும் முடிய ஏறத்தாழ 600 ஆண்டு.
---

இந்தப் பட்டியலில் சேலம், நாமக்கல் சமவெளி விவசாயிக்கு நேரடியாகப் பொருள்படுவது டிராக்டர். டிராக்டரில் இன்று மென்பொருள் இருக்கிறது. அதைத் திறக்கும் உரிமை தயாரித்த நிறுவனத்துக்கு மட்டுமா, வாங்கிய விவசாயிக்கும் உள்ளூர் மெக்கானிக்கும் உண்டா என்ற வழக்கு அமெரிக்காவில் பெரிதாக நடந்துவருகிறது. பூட்டைத் திறக்க முடியும் என்று எல்லாருக்கும் காட்ட ஓர் எளிய சான்று தேவைப்பட்டது. டூம் அந்தச் சான்றானது. கட்டுப்பாடு யார் கையில் என்று காட்டும் முத்திரையாக ஒரு கேம் மாறிவிட்டது.

பிரவுசிங் சென்டர் வரை

2000களில் சேலம் ஜங்ஷன் பக்கமும் மேட்டூர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில் பையன்கள் மணிக்கணக்கில் ஆடியது ‘கவுன்டர் ஸ்டிரைக்’. அந்தக் கேமின் குலவரிசை டூமில் போய் முடிகிறது. மைக்ரோசாஃப்டில் டூமை விண்டோஸ் 95க்கு மாற்றும் குழுவை நடத்தியவர் கேப் நியூவெல். 1996இல் அவர் வேலையை விட்டு ‘வால்வ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். டூமுக்குப் பின் இட் சாஃப்ட்வேர் செய்த ‘குவேக்’ கேமின் எஞ்சினை வாங்கி, 1998இல் ‘ஹாஃப் லைஃப்’ செய்தார்கள். அதை மாற்றி இரண்டு ரசிகர்கள் செய்ததுதான் கவுன்டர் ஸ்டிரைக். 2003இல் வந்த முதல் ‘கால் ஆஃப் டியூட்டி’யும் இட் சாஃப்ட்வேரின் எஞ்சினில்தான் ஓடியது. ‘பப்ஜி’யும் மற்றொரு கேமை ரசிகர் ஒருவர் மாற்றியதில் முளைத்தது. ரசிகரே அடுத்த கேமைச் செய்யலாம் என்ற வழக்கத்தை ஊன்றியதில் டூமுக்குப் பெரும் பங்கு உண்டு.

செயற்கை நுண்ணறிவும் இதே வழியில் வந்தது. 2016இல் போலந்தின் போஸ்னான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் டூமை ஆய்வுக் களமாக்கி, கண்ணால் பார்த்து மட்டுமே கேம் ஆடும் நிரல்களுக்குப் போட்டி நடத்தினார்கள். அதில் பேர்வாங்கிய ‘அர்னால்ட்’ நிரலை எழுதியவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கியோம் லாம்ப்லும், இந்தியரான தேவேந்திர சிங் சாப்லோட்டும். 2024இல் கூகுள் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். கேமின் நிரலே இல்லாமல், விசையை அழுத்தினால் அடுத்த காட்சி என்னவாக இருக்கும் என்று நரம்பு வலையமைப்பே ஊகித்து வரைந்துகொண்டே போகும். அவர்கள் சோதனைக்கு எடுத்தது டூம். ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவுக்கு எளிமை, மனிதருக்கு வேண்டிய அளவுக்குச் சிக்கல் இரண்டும் அதில் இருக்கின்றன.

டூமின் வணிக வரலாறு சுருக்கமானது. 1994இல் ‘டூம் 2’. 2004இல் வந்த ‘டூம் 3’ டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி பிடித்தால் வெளிச்சம் இல்லை என்று வைத்து, பயத்தை மெதுவாக்கியது. 2016இல் வந்த புதிய டூம் பழைய வேகத்துக்குத் திரும்பியது. 2020இல் ‘டூம் எட்டர்னல்’. உரிமை 2009இல் ஜெனிமேக்ஸுக்கும், 2021இல் 750 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஐதராபாத்தில் பிறந்த சத்ய நாதெள்ளா தலைமையிலான மைக்ரோசாஃப்டுக்கும் போனது.

பெற்றோரின் கேள்வி

ரத்தம் தெறிக்கும் கேம் பிள்ளையைக் கெடுக்காதா? டூம் வெளிவந்ததற்கு முந்தைய நாளான 1993 டிசம்பர் 9 அன்று, அமெரிக்க செனட் குழு இதே கேள்விக்கு விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. அன்று பேசப்பட்டது வேறு கேம்களைப் பற்றி. அந்த விசாரணையின் விளைவாக 1994இல் கேம்களுக்கு வயதுச் சான்று தரும் அமைப்பு உருவானது. டூமுக்குக் கிடைத்தது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்று. ஜெர்மனி அதே ஆண்டு சிறுவருக்கு விற்கத் தடை விதித்தது, 2011இல்தான் நீக்கியது.

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடத்திய இரு மாணவர்கள் டூம் ஆடியவர்கள் என்று தெரிந்ததும் பழி கேமின் மேல் விழுந்தது. ஆராய்ச்சி அந்தப் பழியை உறுதி செய்யவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானம் இரண்டையும் சொல்கிறது: வன்முறைக் கேம்களுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு, கொடுங்குற்றத்துக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இதை வைத்து எட்டு வயதுப் பிள்ளைக்கு டூமைக் கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதுச் சான்று காரணத்தோடுதான் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பெற்றோரின் இன்றைய கவலை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது, நியாயமாகவே இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணம் போய் உயிர் போன குடும்பங்களின் துயரம்தான் 2023இல் மாநிலச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 2025இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. பணம் வைக்காத கேம்களிலும் பல, தினமும் வராவிட்டால் பரிசு போய்விடும், புதுச் சட்டை வேண்டுமென்றால் காசு கட்டு என்று ஆடுபவரைக் கட்டிப்போடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பழைய டூம் இந்த வகை இல்லை. உள்ளே நுழையக் கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் வேண்டாம், இடையில் காசு கேட்காது. லெவல் முடிந்தால் எத்தனை நேரம், எத்தனை விழுக்காடு என்று காட்டிவிட்டு நிற்கும். முடிவு உள்ள கேம் அது. பிள்ளையின் கையில் இருக்கும் கேம் எந்த வகை என்று பார்க்கத் தெரிந்துகொள்வது, படத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட முக்கியம்.

பழைய மடிக்கணினியே போதும்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கத்துப் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. இன்றைய பெரிய கேம் எதையும் அவை தாங்கா. டூமுக்கு வேண்டியது 4 எம்பி நினைவகம். அந்த மடிக்கணினிகளில் இருந்தது அதைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டிலும் டூம் ஓடும்.

ஆடுவதோடு நிற்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் மாணவருக்கு உள்ள லாபம். டூமின் மூல நிரல் பெரும்பாலும் ‘சி’ மொழியில் எழுதப்பட்டது. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் மொழி அது. பாடப்புத்தகத்தில் பகா எண் கண்டுபிடிக்கும் பத்து வரி நிரலுக்கும், உலகம் முழுதும் ஓடும் ஒரு பொருளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான, படிக்கக்கூடிய எடுத்துக்காட்டு குறைவு. சிறிய நினைவகத்தை எப்படிப் பங்கிடுவது, கனமான கணக்கை முன்கூட்டியே செய்து அட்டவணையாக வைத்துக்கொள்வது எப்படி, 256 எண்கள் கொண்ட ஒரே பட்டியலை வைத்துத் தற்செயலைப் பாவிப்பது எப்படி என்று ஒவ்வொன்றும் அதில் திறந்து கிடக்கிறது.

மூல நிரல் இலவசம் என்றாலும் டூமின் படமும் ஒலியும் லெவல்களும் இன்றும் காப்புரிமைக்கு உட்பட்டவை. முதல் பாகத்தை மட்டும் சுதந்திரமாகப் பகிரலாம். அந்தத் தடையும் இல்லாமல் ஆட ‘ஃப்ரீடூம்’ இருக்கிறது; அதில் எல்லாப் படமும் ஒலியும் ஆர்வலர்கள் புதிதாகச் செய்து கொடுத்தவை. பழைய கேமை இருந்தபடியே ஆட ‘சாக்லேட் டூம்’, சொந்த லெவல் கட்ட ‘அல்டிமேட் டூம் பில்டர்’. மூன்றுக்கும் விலை இல்லை.

வயது 17 தாண்டிய, நிரல் எழுதப் படிக்கும் மாணவர் ஒரு விடுமுறையில் இதைத் தொட்டுப் பார்க்கலாம். முதல் லெவலுக்கு ஃபோபாஸ் நிலவைத் தேடிப் போக வேண்டாம். மதகும் சுரங்க மின் நிலையமும் கன்வேயர் பாதையும் ஊரிலேயே இருக்கின்றன. அலமாரி மேல் தூங்கும் பழைய மடிக்கணினியை இறக்கித் துடையுங்கள்.